நாலாமவள்

ட்ரிஸ்டன் கதையில் இரண்டு இஸோல்டுகள் உண்டு என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. வாக்னரின் இசைநாடகம் பற்றிய கட்டுரைகள் வழியாகத்தான் கதை முதலில் என்னிடம் வந்து சேர்ந்தது. 1865-ல் ம்யூனிக்கில் அரங்கேறிய அந்த நாடகத்தில் இஸோல்ட் ஒருத்திதான். பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில் ஏ. டி. ஹாட்டோ மொழிபெயர்த்த பெங்குவின் பதிப்பு கிடைத்தது. 1960-ல் வந்த புத்தகம். அதன் அமைப்பு விசித்திரமானது. பெரும்பகுதி காட்ஃப்ரீட் ஃபான் ஸ்ட்ராஸ்பர்க் சுமார் 1210-ல் ஜெர்மனில் எழுதிய காவியம். 19,500 வரிகளுக்குச் சற்று மேல் ஓடி, முடிவுறாமல் நின்றுவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து, காட்ஃப்ரீட் தன்னுடைய மூலம் என்று மதிப்போடு சொல்லும் தாமஸ் என்ற முந்திய கவிஞனின் எஞ்சிய துண்டுகளை ஒட்டவைத்துக் கதையை முடிக்கிறார் ஹாட்டோ. இரண்டு கவிஞர்களைச் சேர்த்த தையல் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால், அங்கே ஒரு பெண் நிற்கிறாள். அவளை மணப்பதா வேண்டாமா என்று ட்ரிஸ்டன் தனக்குள் வாதாடிக்கொண்டிருக்கும்போதுதான் காட்ஃப்ரீட் நின்றுபோகிறான்.

இவள்தான் இரண்டாவது இஸோல்ட். வெண்கை இஸோல்ட் என்று பெயர்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரிஸ்டன் மார்க் மன்னனுடைய சகோதரி மகன். மாமனுக்கு மணப்பெண்ணாக அயர்லாந்து இளவரசி இஸோல்டை அழைத்து வருகிறான். கப்பலில், அவளும் மார்க்கும் குடிப்பதற்காக வைத்திருந்த காதல் பானத்தை இவர்கள் இருவரும் தவறுதலாகக் குடித்துவிடுகிறார்கள். அவள் மார்க்கின் அரசியாகிறாள், ட்ரிஸ்டனின் காதலியாகவும் இருக்கிறாள். பிடிபட்டு, நாடு நீங்கி, ட்ரிஸ்டன் பிரிட்டனி போய்ச் சேர்கிறான். அங்கே ஹோயல் பிரபுவின் மகளுக்கும் இஸோல்ட் என்றே பெயர். அவளை மணக்கிறான், தொடுவதில்லை. பின்னால் விஷம் தோய்ந்த ஈட்டியால் காயம்படுகிறான். குணப்படுத்தக்கூடியவள் அரசி ஒருத்திதான். அவளை அழைத்துவர மைத்துனன் கஹெர்தீன் கப்பலேறுகிறான். அவள் வந்தால் வெள்ளைப் பாய், வராவிட்டால் கறுப்புப் பாய் என்று ஏற்பாடு. கப்பல் வெள்ளைப் பாயோடு வருகிறது. மனைவி 'கறுப்பு' என்கிறாள். ட்ரிஸ்டன் செத்துப்போகிறான். வந்திறங்கிய அரசியும் அவன்மேல் விழுந்து சாகிறாள்.

மரபு இவளை நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு சொல்லுக்காக.

முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். நண்பர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தபோது, அவள் ஒரு பாத்திரமே அல்ல, முடிவைக் கொண்டுவரத் தேவைப்பட்ட ஒரு பொறி, அவ்வளவுதான் என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். ஒரு நண்பர் கேட்டார்: "அவள் பொய் சொன்னாள், சரி. அவளிடம் அவன் என்ன சொல்லியிருந்தான்?" எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து தாமஸை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பிந்திவந்த பதில்.

2

தாமஸ் 12-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கிலாந்தில் புழங்கிய பிரெஞ்சில் எழுதினான். காவியம் முழுதாக நம்மிடம் இல்லை. ஆறு கையெழுத்துப் பிரதிகளின் பத்துத் துண்டுகள், எல்லாம் சேர்த்துச் சுமார் 3,300 வரி. ஸ்ட்ராஸ்பர்க் நூலகத்தில் இருந்த ஏடுகள் 1870 யுத்தத்தில் முற்றுகையின்போது எரிந்துபோயின. அதற்கு முன்பே யாரோ பிரதி செய்து வைத்ததால் அவற்றின் வரிகள் தப்பின. கார்லைலில் கிடைத்த ஒரு துண்டு 1995-ல்தான் அச்சில் வந்தது.

இந்த அழிவில் ஒரு வினோதம் இருக்கிறது. தப்பியதில் பெரும்பங்கு கதையின் பின்பாதி. கார்லைல் துண்டு நீங்கலாக, காதல் பானம் பற்றி, காதலர்களின் மகிழ்ச்சியான நாட்கள் பற்றித் தாமஸ் எழுதியது ஏறக்குறைய முற்றிலும் போய்விட்டது. கல்யாணம், முதலிரவு, மனைவியின் சிரிப்பு, ஒட்டுக்கேட்டல், பாய், சாவு ஆகியவை தப்பியிருக்கின்றன. உலகம் கொண்டாடும் காதலைக் காலம் தின்றுவிட்டு, யாருக்கும் வேண்டாத கல்யாணத்தை விட்டுவைத்திருக்கிறது. இதே காலத்தை ஒட்டி எழுதிய பெரூலின் காவியமும் துண்டாகத்தான் கிடைக்கிறது. ஒரே பிரதி, சுமார் 4,500 வரி. அதில் இவள் வருவதே இல்லை. ஆகவே இவளைப் பார்க்க வேண்டுமானால் தாமஸிடம்தான் போகவேண்டும்.

கறுப்புப் பாய் தாமஸின் கற்பனை அல்ல. தீஸியஸ் கிரீட்டிலிருந்து திரும்பும்போது கறுப்புப் பாயை மாற்ற மறந்துவிட்டான், தந்தை ஈஜியஸ் கடலில் விழுந்து இறந்தான் என்ற கிரேக்கக் கதையை எல்லோரும் அறிவோம். ஒரே பெயருள்ள இரண்டு பெண்கள் என்பதற்கு அரபுக் கதையான கைஸ்-லுப்னாவை இணையாகக் காட்டுவார்கள். லுப்னாவை விவாகரத்து செய்ய நேர்ந்த கைஸ் இன்னொரு லுப்னாவை மணந்து, அவளைத் தீண்டாமல் இருக்கிறான். கிரேக்கக் கதையில் மறதிதான் கொல்கிறது, பொய் சொல்லும் பெண் இல்லை. அரபுக் கதையில் இரண்டாவது பெண் யாரையும் கொல்வதில்லை. இரண்டும் ஓரிடத்தில் சேரும்போதுதான் இவள் பிறக்கிறாள்: தீண்டப்படாதவள், ஆகவே பொய் சொல்கிறவள். அந்த 'ஆகவே' எப்படி நிகழ்கிறது என்பதில்தான் கவிஞன் வேலை இருக்கிறது.

3

ட்ரிஸ்டன் ஏன் மணக்கிறான்? தாமஸ் இதற்கு நூற்றுக்கணக்கான வரிகள் செலவழிக்கிறான். அரசி மார்க்கோடு படுக்கையைப் பகிர்ந்துகொள்கிறாள். அங்கே அவளுக்குக் கிடைக்கும் சுகத்தில் தன்னை மறந்திருப்பாளோ என்ற சந்தேகம் இவனை அரிக்கிறது. தானும் ஒருத்தியை மணந்து பார்த்தால் அவள் நிலை தனக்குத் தெரியவரும் என்று நினைக்கிறான். அதாவது, தன் மனத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு பெண் தேவைப்படுகிறாள். பெயருக்காக மணந்தான், அழகுக்காகவும் மணந்தான், அழகு மட்டும் இருந்து பெயர் இல்லாவிட்டால் மணந்திருக்கமாட்டான், பெயர் இருந்து அழகு இல்லாவிட்டாலும் மணந்திருக்கமாட்டான் என்று தாமஸ் கணக்குப் பார்க்கிறான். பெயர் வேறொருத்தியுடையது. அழகு வேறொருத்தியை மறப்பதற்கு. இவளுக்கென்று இருப்பது கைகள் மட்டும்தான், அதனால்தான் அந்த அடைமொழி என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலிரவு. பணியாட்கள் ட்ரிஸ்டனின் இறுக்கமான அங்கியைக் கழற்றும்போது அரசி கொடுத்த மோதிரம் விரலிலிருந்து நழுவுகிறது. அவன் பார்க்கிறான். இதுதான் சிக்கல்: இவளோடு படுத்தால் அவளுக்குத் துரோகம். படுக்காவிட்டால் இவளுக்குத் துரோகம். மாதா கோவில் வாசலில் ஊரறியக் கைப்பிடித்திருக்கிறான். இந்த இரண்டாவது துரோகத்தையும் ட்ரிஸ்டன் உணர்ந்தே இருக்கிறான் என்பதைத் தாமஸ் மறைக்கவில்லை. கடைசியில் ஒரு தீர்வு கண்டுபிடிக்கிறான். இவள் பக்கத்தில் படுப்பது, ஆசையை அடக்கி வதைபடுவது, அதுவே அரசிக்குத் தான் இழைத்த குற்றத்துக்குப் பிராயச்சித்தம். ஒரு மனுஷியின் உடம்பை இன்னொருத்தியின் பொருட்டு நோற்கும் விரதத்துக்குக் கருவியாக்குகிறான்.

அவளிடம் என்ன சொல்கிறான்? வலது விலாப் பக்கம், ஈரலை ஒட்டி, எனக்குப் பழைய வியாதி ஒன்று இருக்கிறது, இன்றைக்கு அதிகமாக வலிக்கிறது, தவறாக நினைக்காதே, பிறகு நமக்கு நேரம் இருக்கிறது என்கிறான்.

நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இந்தக் கல்யாணத்தின் முதல் பொய் அவனுடையது.

அவள் நம்புகிறாள். உங்கள் வலிதான் எனக்கு வருத்தம், நீங்கள் சொல்லும் மற்ற விஷயம் இல்லாமலே நான் இருந்துகொள்வேன் என்ற பொருளில் பதில் சொல்கிறாள். அவளுடைய குணம் முழுதும் இந்தப் பதிலில் இருக்கிறது. வெட்கம், கௌரவம், அவன்மேல் பரிவு. பின்னால் வரும் பொறாமைக்காரிக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். இருவரும் ஒருத்திதான் என்பதில்தான் தாமஸின் பெருமை.

அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டத்தைக் கொஞ்சம் பார்த்தால் இவள் மௌனத்தின் எடை தெரியும். சுமார் 1140-ல் கிரேஷியன் தொகுத்த சட்டத் தொகுப்பு, சம்மதத்தால் தொடங்கும் கல்யாணம் வேறு, உடல் உறவால் நிறைவுறும் கல்யாணம் வேறு என்று பிரிக்கிறது. 1159 முதல் 1181 வரை போப்பாக இருந்த மூன்றாம் அலெக்ஸாண்டர் சம்மதத்துக்கே முதன்மை கொடுத்தார். அப்படியும், நிறைவுறாத கல்யாணத்தை விட்டு ஒருவர் துறவு பூண வழி இருந்தது. தாமஸின் காவியம் இந்த வாதங்கள் சூடாக இருந்த காலத்தில் எழுதப்பட்டது. தான் இன்னும் கன்னி என்ற விஷயம் இவள் கையில் இருந்த ஒரே ஆயுதம். அவள் அதை எடுக்கவில்லை. தகப்பனிடம் சொல்லவில்லை, அண்ணனிடம் சொல்லவில்லை.

அது வெளியே வருவது ஒரு சிரிப்பில். அண்ணன் கஹெர்தீனோடு குதிரையில் போகிறாள். குதிரை ஒரு நீர்க்குட்டையில் கால் வைக்க, தண்ணீர் தெறித்து அவள் தொடைவரை ஏறுகிறது. அவள் சிரிக்கிறாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ என்று அண்ணன் வற்புறுத்திக் கேட்க, இந்தத் தண்ணீருக்கு இருக்கும் துணிச்சல் எந்த ஆணின் கைக்கும் இருந்ததில்லை, ட்ரிஸ்டன் கைக்குக்கூட, என்று சொல்லிவிடுகிறாள். ஐரோப்பியக் காதல் இலக்கியத்தில் இவ்வளவு துயரமான சிரிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கஹெர்தீனுக்குக் கோபம் வருகிறது, தங்கைக்காக என்பதைவிடக் குலத்துக்காக. தங்கள் குலத்தில் வாரிசு பெற இவன் விரும்பவில்லை என்றால் அது அவமானம். ட்ரிஸ்டன் அவனை ஒரு ரகசிய மண்டபத்துக்கு அழைத்துப் போகிறான். அங்கே அரசி இஸோல்டின் சிலை இருக்கிறது. அவளுடைய தோழி ப்ராங்கேனின் சிலையும் இருக்கிறது. தோழியின் சிலையைக் கண்டு கஹெர்தீன் மயங்கிவிடுகிறான். நியாயம் கேட்கப் போன அண்ணன் கூட்டாளியாகத் திரும்புகிறான். இதற்குப் பிறகு அவளுக்காகப் பேச அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. அரசியை அழைத்துவரக் கப்பலேறுகிறவனும் இதே அண்ணன்தான்.

4

சிலை மண்டபப் பகுதியில் கதையை நிறுத்திவிட்டுத் தாமஸ் ஒரு கேள்வி கேட்கிறான். இந்தக் காதலில் நாலு பேர் இருக்கிறார்கள். மார்க்குக்கு மனைவியின் உடம்பு கிடைக்கிறது, மனம் கிடைக்கவில்லை. அரசி தனக்கு வேண்டாதவனோடு வாழ்கிறாள், வேண்டியவன் அருகில் இல்லை. ட்ரிஸ்டனுக்கு ஒரு மனைவி இருக்கிறாள், அவளை நேசிக்க முடியவில்லை, விடவும் முடியவில்லை. நாலாமவள் வெண்கை இஸோல்ட். கணவன் பக்கத்தில் படுத்திருக்கிறான். அவனிடமிருந்து அவளுக்கு உடம்பும் இல்லை, மனமும் இல்லை. மற்ற மூவருக்கும் ஏதோ ஒரு பாதியாவது இருக்கிறது. இந்த நால்வரில் யாருக்குத் துன்பம் அதிகம்? எனக்கு இதில் அனுபவம் இல்லை, தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன் என்று காதலர்களைப் பார்த்துச் சொல்கிறான் தாமஸ்.

தந்திரமான பணிவு இது. அவன் வைத்திருக்கும் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஆனால் தீர்ப்புச் சொல்ல மறுத்ததால், 800 வருஷங்களுக்கு மேலாக மற்றவர்கள் அவன் இடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

5

கடைசிக் காட்சிக்கு வருவோம். ட்ரிஸ்டன் விஷக் காயத்தோடு படுத்திருக்கிறான். இம்முறை காயம் நிஜம், இடுப்புப் பகுதியில். முதலிரவில் விலாவில் வலி என்று சொன்ன பொய்யை இந்தக் காயம் கடைசியில் மெய்யாக்கிவிட்டது என்பது என் வாசிப்பு. தாமஸ் இதைச் சொல்லவில்லை.

கஹெர்தீனிடம் தனியாகப் பேசவேண்டும், எல்லோரும் வெளியே போங்கள் என்கிறான் ட்ரிஸ்டன். அவள் பயப்படுகிறாள். உலகத்தைத் துறந்து சன்யாசியாகிவிடப் போகிறானோ என்று சந்தேகம். சுவருக்கு வெளியே, அவன் படுக்கைக்கு நேராகப் போய் நின்று காது கொடுக்கிறாள். அவள் ஒட்டுக்கேட்கப் போனது அவனை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான். அங்கே நின்று கேட்டது, இன்னொரு இஸோல்ட் இருக்கிறாள் என்பதை, அவளைத் தவிர வேறு யாரையும் அவனால் நேசிக்க முடியவில்லை என்பதை. விலாவில் வலி எதற்கு என்று அந்தச் சுவரோரத்தில்தான் அவளுக்குப் புரிகிறது.

இங்கே தாமஸ் குறுக்கிட்டு, பெண்ணின் கோபத்துக்கு அஞ்சவேண்டும், எங்கே அதிகம் நேசித்தாளோ அங்கேதான் முதலில் பழிவாங்குவாள் என்கிற ரீதியில் சில வரிகள் சொல்கிறான். பிற்காலத்தவர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். 12-ஆம் நூற்றாண்டுக்காரனின் பொதுப்புத்தி அது. நல்லவேளையாக அவனுடைய காட்சி அவன் கருத்தைவிடப் பெரியதாக இருக்கிறது.

ட்ரிஸ்டன் 40 நாள் தவணை கொடுத்திருக்கிறான். அந்த நாட்களில் அவள் முகம் மலர்ந்து பேசுகிறாள், முத்தமிடுகிறாள், அண்ணன் எப்போது வருவான் என்று விசாரிக்கிறாள். மனத்துக்குள் பழி காத்திருக்கிறது. ட்ரிஸ்டன் தன்னைக் கடற்கரைக்குத் தூக்கிப் போகச்சொல்லி அலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு, கெட்ட சேதியைக் கண்ணால் பார்க்கப் பயந்து, திரும்பிவந்து படுத்துக்கொள்கிறான். கடலில் ஐந்து நாள் புயல். பிறகு கரை தெரிகிற தூரத்தில் காற்று அடியோடு நின்று கப்பல் அசையாமல் கிடக்கிறது. அவள் வந்து சொல்கிறாள்: கப்பல் தெரிகிறது. என்ன பாய் என்று அவன் கேட்கிறான். முழுக்கக் கறுப்பு, காற்று இல்லாததால் உயரத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்கிறாள்.

அந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். காற்று இல்லை, பாய் உயரத்தில் இருக்கிறது என்பது நிஜம். நிறம் மட்டும் பொய். நெடுநேரம் கடலைப் பார்த்து நின்றவளால்தான் இப்படிப் பொய் சொல்ல முடியும். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். காதலியின் பெயரை மூன்று தடவை சொல்லி, நாலாவதில் உயிர் போகிறது. அவன் சொன்ன பெயர் இவளுடைய பெயரும்தான்.

ஒரு கல்யாணம், இரண்டு பொய்கள். இரண்டும் படுக்கையருகில் சொன்னவை. இரண்டையும் எதிராளி கேள்வி கேட்காமல் நம்புகிறார். அவனுடைய பொய்க்கு மரபு வைத்த பெயர் விசுவாசம். அவளுடையதற்கு வைத்த பெயர் பொறாமை.

6

பிறகு வந்தவர்கள் இவளை என்ன செய்தார்கள்?

ஜெர்மன் கவிஞன் ஐல்ஹார்ட் தாமஸை ஒட்டிய காலத்தவன். அவனிடத்தில் இவள் கெட்ட எண்ணம் எதுவுமின்றி, அசட்டுத்தனத்தால் பொய் சொல்லிவிட்டுப் பிறகு கதறுகிறாள். பிணத்தருகே அழுதுகொண்டிருக்கிறவளை வந்திறங்கிய அரசி, நகர்ந்துகொள், அழுவதற்கு உன்னைவிட எனக்கு உரிமை அதிகம் என்று ஒதுக்கிவிடுகிறாள். 1226-ல் நார்வே மன்னன் ஹாகோனின் கட்டளைப்படி ராபர்ட் என்ற துறவி தாமஸை நார்வே மொழியில் வசனமாக்கினார். அதில், சாவுக்குப் பின்னும் காதலர்கள் அருகருகே இருக்கக்கூடாது என்று இவள் அவர்களை மாதா கோவிலின் இரு பக்கங்களில் புதைக்கச் செய்கிறாள். இரண்டு சமாதிகளிலிருந்தும் மரம் வளர்ந்து கூரைக்கு மேலே கிளைகள் பின்னிக்கொள்கின்றன. இயற்கையும் அவளுக்கு எதிராக வாக்களித்துவிட்டது.

13-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு வசன ட்ரிஸ்டனில் கதைமுடிவு மாறுகிறது. யாழ் மீட்டிக்கொண்டிருக்கும் ட்ரிஸ்டனை மார்க் ஈட்டியால் கொல்கிறான். கொலைக்குக் கணவன் கிடைத்தவுடன் மனைவி தேவையற்றுப் போகிறாள், பிரிட்டனியில் விடப்படுகிறாள். 1469-70-ல் எழுதி முடித்த மாலரியிடமும் இதே கதிதான். கொன்றால்தான் அவளுக்குக் கதையில் இடம். வாக்னர் அவளைப் பிறக்கவே விடவில்லை.

நவீனர்களுக்கு இரக்கம் வருகிறது. மாத்யூ ஆர்னால்ட் 1852-ல் வெளியிட்ட கவிதையில் இவளுக்கு இரண்டு குழந்தைகளைக் கொடுத்து, காதலர்கள் செத்தபின் ஒரு முழுப் பகுதியை ஒதுக்குகிறார். அமெரிக்கரான எட்வின் ஆர்லிங்டன் ராபின்சன் 1927-ல் வெளியிட்ட நீண்ட கவிதையை, கடலைப் பார்த்துக் காத்திருக்கும் இவளிடம் தொடங்கி இவளிடமே முடிக்கிறார். இரண்டிலும் கறுப்புப் பாய்ப் பொய் இல்லை. அவளை நேசிப்பதற்கு முதலில் அவள் செய்ததை அழித்தாகவேண்டியிருக்கிறது. அந்த ஒரு சொல்லையும் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் மிஞ்சுவது பொறுமைதான். பொறுமைசாலியான மனைவி எல்லாக் காலத்திலும் ஆண் கவிஞர்களுக்குச் சௌகரியமானவள்.

பொறாமைக்காரி, ஆகவே இரக்கம் வேண்டாம் என்பது ஒரு தீர்ப்பு. இரக்கம் வேண்டும், ஆகவே பொறாமை இல்லாமலிருந்தாள் என்பது இன்னொரு தீர்ப்பு. இரண்டும் ஒரே சட்டப் புத்தகத்திலிருந்து படிக்கப்படுபவை. வஞ்சிக்கப்பட்டவள் வஞ்சித்தாள், இரண்டும் உண்மை, ஒன்று மற்றதைக் கழுவிவிடாது என்று சொல்லும் துணிச்சல் தாமஸுக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது. அதுவும், பெண் கோபம் பற்றிய அவனுடைய பொதுப்புத்தி வரிகளையும் மீறி.

அவனுடைய கேள்விக்கு இப்போது என் பதில்: நாலாமவளுக்குத்தான் துன்பம் அதிகம். இதைச் சொல்வதால் அவள் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. வெள்ளைப் பாய் வெள்ளைப் பாய்தான்.

காவிய முடிவில் தாமஸ் எல்லாக் காதலர்களுக்கும் வணக்கம் சொல்லி விடைபெறுகிறான். துக்கப்படுகிறவர்கள், ஆசைப்படுகிறவர்கள், சந்தோஷப்படுகிறவர்கள், கோணல் புத்திக்காரர்கள் என்று ஒரு பட்டியல் கொடுக்கிறான். முதல் தடவை அதை வழக்கமான முடிவுரை என்று தாண்டிப் போய்விட்டேன். அந்தப் பட்டியலில் பொறாமைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் அவன் காதலர்கள் வரிசையில்தான் வைத்திருக்கிறான்.